பூவாளி ஏந்திய பாதிரியார்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஈரத்துணி இடுகிறோம். வலிக்கும் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். சளி பிடித்தால் வேது பிடிக்கிறோம். நீரும் வெம்மையும் தண்மையும் உடலுக்குத் துணை செய்யும் என்பது மாந்தர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்த அறிவை அளவும் ஒழுங்கும் உடைய ஒரு முறையாக வகுத்துத் தந்தோருள் ஒருவர், செருமானிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியாரான செபாஸ்டியன் க்னைப். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். தறியில் அமர்ந்து வளர்ந்தவர்.

நெசவாளர் மகன்

பவேரியா தனியரசாக விளங்கிய காலம் அது. அந்நாட்டின் ஓட்டோபாய்ரன் என்னும் ஊரை அடுத்து ஸ்டெஃபான்ஸ்ரீட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஏழை நெசவாளர் ஒருவரின் மகனாக 1821ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் க்னைப் பிறந்தார். விளையாட வேண்டிய வயதிலேயே அவர் தறியில் அமர்த்தப்பட்டார். சணல்நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். ஆதலால் அந்நாளைய நெசவாளர்கள் நிலவறையில் தறி அமைப்பது வழக்கம். வெயில் எட்டாத அந்த ஈர அறையில் சிறுவனின் பகற்பொழுதுகள் கழிந்தன. பின்னாளில் அவருடைய நுரையீரல் நலிந்ததற்கு அந்த அறையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சிறுவன் உள்ளத்திலோ வேறோர் ஆசை வேர்விட்டிருந்தது. குருவாக வேண்டும், அதற்கு இலத்தீன் கற்க வேண்டும். தந்தையின் வருவாய் வயிற்றுக்கே போதாதபோது படிப்புக்கு ஏது பணம்? உதவி கேட்ட இடங்களிலெல்லாம் மறுப்பே கிடைத்தது. எவரையும் நம்பிப் பயனில்லை எனக் கண்ட இளைஞர், நெய்து பெற்ற கூலியில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்தார். அவ்வாறு 70 கில்டர் சேர்ந்தது. வீட்டை விட்டுப் புறப்பட எண்ணியிருந்த நேரத்தில், 1841ஆம் ஆண்டு, வீடு தீப்பற்றி எரிந்தது. சேமிப்பும் அதனுடன் சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு அகவை இருபது.

வெறுங்கையோடு வெளியேறியவர் க்ரோனன்பாக் என்னும் ஊரில் பண்ணையாளாகப் பணிக்கு அமர்ந்தார். அங்கே மத்தியாஸ் மெர்க்லே என்னும் துணைக்குருவின் அறிமுகம் கிடைத்தது. அவர் தூரத்து உறவினரும்கூட. இளைஞரின் வேட்கையைக் கண்ட மெர்க்லே, தாமே இலத்தீன் கற்பித்தார். 1844ஆம் ஆண்டு டில்லிங்கன் நகர் உயர்நிலைப்பள்ளியில் க்னைப் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. தம்மினும் பல ஆண்டு இளையவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார். அதனை அவர் இழிவாகக் கருதியதில்லை.

உறைபனியில் டான்யூப்

இலக்கு கைக்கெட்டும் தொலைவில் வந்தபோது உடல் கைவிட்டது. இருமலும் இரத்தமுமாக நோய் முற்றியது. காசநோய் என்றனர். அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தது 1882ஆம் ஆண்டில்தான். அதனைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. எனவே, க்னைப்பின் மாணவப் பருவத்தில் காசநோய் என்று ஒருவருக்குச் சொல்வது ஏறத்தாழ நாள் குறிப்பதற்குச் சமமாக இருந்தது.

1849ஆம் ஆண்டில் நூலகம் ஒன்றில் பழைய நூலொன்று அவர் கண்ணில் பட்டது. யோஹான் சிக்மண்ட் ஹான் என்னும் மருத்துவர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எழுதியது அது. குளிர்ந்த நீர் மனித உடலில் ஆற்றும் வினைகளை அந்நூல் விளக்கியது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்க்கு அது போதுமானதாக இருந்தது.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் க்னைப் டான்யூப் ஆற்றங்கரைக்குச் சென்றார். விரைந்து நடந்தும் ஓடியும் சென்றமையால் உடலில் சூடேறியிருந்தது. உடைகளைக் களைந்தார், உறையும் நீரில் இறங்கினார், சில நொடிகள் மூழ்கினார், வெளியே வந்தார். உடல் துவட்டாமல் ஆடை அணிந்துகொண்டு மீண்டும் விரைந்து நடந்து வீடு சேர்ந்தார். வாரத்திற்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தார். காணும் எவரும் இதனைத் தற்கொலை முயற்சி என்றே எண்ணியிருப்பர். ஆனால், நாள்கள் செல்லச் செல்ல இருமல் தணிந்தது, பசி எடுத்தது, உடல் தேறியது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த நீர் காசநோய்க் கிருமியைக் கொல்வதில்லை. மருந்தின்றியே அந்நோயிலிருந்து மீண்டவர்கள் அக்காலத்திலும் சிலர் இருந்தனர். க்னைப்பை மீட்டது நீரா, திறந்த வெளிக் காற்றா, நடையா, அவருடைய உடலின் எதிர்ப்பாற்றலா என்பதை இன்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. இன்று இந்நோய்க்கு மாத்திரைகள் உள்ளன. அவற்றை உரிய காலம் முழுவதும் உட்கொள்வதே மருத்துவம். க்னைப்போ தம்மை நீரே காத்தது என்று உறுதியாக நம்பினார். அவர் வாழ்வின் எஞ்சிய பகுதியை இயக்கியது அந்த நம்பிக்கை.

இரவில் ஒரு பூவாளி

1850ஆம் ஆண்டில் மியூனிக் நகரிலுள்ள கியோர்கியானும் என்னும் குருமாணவர் இல்லத்தில் சேர்ந்தார். அங்கே தம்மைப்போலவே நெஞ்சு நலிந்த மாணவர் ஒருவரைக் கண்டார். அவரை டான்யூபுக்கு அழைத்துச் செல்ல இயலாது. இல்லத்து விதிகளும் இடம் தரா. எனவே, எல்லாரும் உறங்கிய பின்னர், தோட்டத்துச் செடிகளுக்கு நீர் ஊற்றும் பூவாளியைக் கொண்டு அவர் உடல்மீது நீரை ஊற்றினார்.

ஆற்றில் மூழ்குவோனுக்கு நீரின் மீது ஆட்சி இல்லை. நீர் அவனை முழுதும் கவ்விக்கொள்கிறது. பூவாளியைப் பிடித்திருப்பவரோ எந்த உறுப்பின்மீது, எத்துணை நீர், எவ்வளவு நேரம் என்பதைத் தம் கையால் அளக்க முடியும். கட்டாயத்தால் கையிலெடுத்த அந்த எளிய கருவியே பின்னர் அவருடைய மருத்துவ முறையின் அடையாளமாயிற்று. சிகிச்சை பெற்ற தோழர் தேறினார். இருவரும் 1852ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றனர்.

சட்டத்தின் முன்

துணைக்குருவாகச் சிற்றூர்களில் பணியாற்றத் தொடங்கிய க்னைப், நோயுற்றோர் இல்லங்களுக்குச் செபிக்கச் சென்றார். சென்ற இடத்தில் நீரும் துணியும் கேட்டார். ஏழைகள் அவரை நாடினர். உரிமம் பெறாதவர் மருத்துவம் செய்வது பவேரியச் சட்டப்படி குற்றம். அத்துடன், ஊர் மருத்துவரின் வருவாயும் மருந்தாளுநரின் வருவாயும் குறைந்தன. 1853ஆம் ஆண்டில், வாந்திபேதியால் துன்புற்ற பணிப்பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளித்ததற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது, தண்டம் விதிக்கப்பட்டது. தொகை சிறிதே. ஆயினும், பாதிரியார் ஒருவர் சட்டத்தை மீறியவர் என்று பதிவாயிற்று.

அடுத்த ஆண்டே போஸ் என்னும் ஊரில் வாந்திபேதி பெருநோயாகப் பரவியது. தண்டனை பெற்ற நினைவு மாறாத நிலையில் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? சட்டத்தைக் காட்டி ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் வீடு வீடாகச் சென்றார். அவருடைய கவனிப்பில் 42 பேர் பிழைத்தனர் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுவர். வாந்திபேதிக் குரு என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

மருத்துவர்களின் எதிர்ப்பை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. போலி மருத்துவரிடம் சிக்கி மடிந்தோரை அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். இன்ன நோய் என்று தேர்ந்தறியப் பயிலாத ஒருவர் எல்லாவற்றிற்கும் நீரே மருந்து என்று புறப்பட்டால் அஞ்சுவது இயல்புதானே! க்னைப்பும் இந்த அச்சத்தின் நியாயத்தைக் காலப்போக்கில் உணர்ந்தார் என்பதற்கு அவருடைய பிற்காலச் செயல்கள் சான்று.

வோரிஸ்ஹோஃபன்

1855ஆம் ஆண்டில் வோரிஸ்ஹோஃபன் என்னும் ஊரிலிருந்த தொமினிக்கன் கன்னியர் மடத்தின் ஆன்ம குருவாக அவர் அனுப்பப்பட்டார். மறைவான ஊர்; அமைதியான பணி. அந்த ஊரிலேயே அவர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

மடத்து நிலங்களைச் சீர்திருத்தினார், தீவனப்பயிர் விளைவித்தார், மாடுகளையும் தேனீக்களையும் வளர்த்தார். இவை பற்றி அவர் எழுதிய சிறு நூல்கள் உழவர்களிடையே விரும்பிப் படிக்கப்பட்டன. நீர்மருத்துவத்தால் அவர் புகழ்பெறுவதற்கு முன்னரே தேனீ வளர்ப்பால் அறியப்பட்டவர் என்பது பலர் அறியாத செய்தி. நோயாளிகளும் இங்கே அவரைத் தேடி வரலாயினர். மடத்தின் துணி வெளுக்கும் அறையே முதல் சிகிச்சைக்கூடமாயிற்று. 1881ஆம் ஆண்டில் அவ்வூரின் பங்குக்குருவாகவும் பொறுப்பேற்றார்.

இந்த அமைதியான பதிற்றாண்டுகளில்தான் அவருடைய முறை கனிந்தது. தொடக்கத்தில் தமக்குச் செய்துகொண்டதைப்போலவே பிறருக்கும் கடுமையான குளிர்நீரைப் பயன்படுத்தினார். முதியவர், மெலிந்தவர், குழந்தைகள் எனப் பலரையும் கண்ட பின்னர், தம் முறையை ஒருமுறைக்குப் பலமுறை திருத்தினார். ஒவ்வொரு திருத்தமும் முன்னதினும் மென்மையானதாக இருந்தது. குறைந்த நீரால், குறைந்த நேரத்தில், போதிய பயனைப் பெற இயலுமாயின் அதற்கு மேல் செய்வது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை என்ற முடிவுக்கு அவர் வந்தார். உறைபனி ஆற்றில் மூழ்கிப் பிழைத்தவர், அவ்வாறு மூழ்குமாறு பிறரை ஏவவில்லை.

நீர் செய்யும் வினை

க்னைப்பின் முறையில் முதன்மையானது நீர்வார்ப்பு. எடுத்துக்காட்டாக, முழங்கால் வார்ப்பைக் காண்போம். நீர் பீறிட்டு அடிக்கக்கூடாது. மெல்லிய ஆடைபோல் தோலின்மீது படிந்து வழிய வேண்டும். இதயத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள வலப்பாதத்தில் தொடங்க வேண்டும். காலின் பின்புற வெளிப்பக்கமாக மேலேறி, முழங்கால் மடிப்பில் சற்றே நின்று, உட்பக்கமாக இறங்க வேண்டும். பின்னர் இடக்கால். எல்லாம் முடிய ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாகும். துவட்டாமல் நீரைக் கையால் வழித்துவிட்டு, காலுறை அணிந்து, வெம்மை பரவும்வரை நடக்க வேண்டும்.

குளிர்ந்த நீர் பட்டவுடன் தோலிலுள்ள சிறு குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, தோல் வெளிறுகிறது. நீரை நிறுத்தி உடலை அசைத்ததும் அவை விரிகின்றன, குருதி பாய்கிறது, தோல் சிவந்து சூடேறுகிறது. வெந்நீரோ தொடக்கத்திலேயே குழாய்களை விரித்துத் தசைகளைத் தளர்த்துகிறது. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும்போது குழாய்கள் சுருங்கியும் விரிந்தும் பயிற்சி பெறுகின்றன. உடற்பயிற்சி தசைக்கு எவ்வாறோ அவ்வாறே இது குருதிக்குழாய்க்கு என்று கொள்ளலாம். குளிர்ந்த உடல்மீது குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது என்பது க்னைப் வகுத்த தலையாய விதி. நடுங்குபவரை முதலில் நடக்கவைத்தோ, வெந்நீரில் கால் நனைத்தோ சூடேற்ற வேண்டும். சூடு உடலுக்குள்ளிருந்து எழுந்து வரவில்லையெனில் சிகிச்சை தோற்றது என்றே பொருள்.

ஈரச்சுற்று என்பது மற்றொரு வகை. நீரில் நனைத்துப் பிழிந்த சணல்துணியை உறுப்பின்மீது சுற்றி, அதன்மேல் உலர்ந்த துணியும், அதற்கும் மேல் கம்பளியும் சுற்றுவர். தொடக்கத்தில் குளிரும் சுற்று, சிறிது நேரத்தில் உடலின் வெம்மையை வாங்கித் தானே சூடாகும். கெண்டைக்காலில் சுற்றினால் காய்ச்சலின் கடுமை தணியும். இவையன்றி, முழங்காலளவு நீரில் ஒவ்வோர் அடியிலும் பாதத்தை நீருக்கு மேல் தூக்கி வைத்து நடக்கும் நீர்நடையும் உண்டு. நாரை நடப்பதுபோன்ற இந்நடையைப் பார்த்துச் சிரித்தவர்களும் பின்னர் அதனைப் பழகினர். அதிகாலைப் பனிப்புல்லில் வெறுங்காலுடன் நடப்பதையும் அவர் பரிந்துரைத்தார்.

நீர்மருத்துவத்தைத் தோற்றுவித்தவர் க்னைப் என்று கூறுவது பிழை. வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்னும் உழவர் சிலேசியாவின் கிராஃபென்பெர்க் மலையூரில் அவருக்கு முன்பே பெரும் நீர்மருத்துவ நிலையம் நடத்தினார். லிவர்பூல் நகர மருத்துவர் ஜேம்ஸ் கரி, காய்ச்சலுக்குக் குளிர்நீர் ஊற்றி வெப்பமானியால் அளந்து 1797ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டிருந்தார். க்னைப்பின் பங்களிப்பு வேறு. நீரோடு மூலிகை, எளிய உணவு, உடலசைவு, ஒழுங்கான வாழ்க்கை ஆகியவற்றை இணைத்தார். நீரின் அளவைக் குறைத்தார். வாளியும் துணியும் உள்ள எந்த ஏழையும் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி எளிமையாக்கினார்.

ஊர் நிறைந்த கூட்டம்

1886ஆம் ஆண்டில் அவருடைய நீர்மருத்துவ நூல் வெளிவந்தது. வருவோர் அனைவரையும் தாமே காண இயலாமையால், வராதவர்களும் பயன்பெறட்டும் என்றே அதனை எழுதினார். பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விற்றுத் தீர்ந்தன. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. வாழ்க்கைமுறை பற்றிய மற்றொரு நூல் 1889ஆம் ஆண்டில் வந்தது. கூட்டத்தைக் குறைக்க எழுதிய நூலே கூட்டத்தைப் பெருக்கியதுதான் வேடிக்கை! ஆயிரக்கணக்கானோர் அச்சிற்றூரில் வந்து குவிந்தனர். உழவர் வீடுகளும் தானியக் கிடங்குகளும் தங்கும் விடுதிகளாயின. ஆஸ்திரியப் பேரரசக் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் யோசேப்பும் வந்தார், பண்ணையாளும் வந்தார். பனிப்புல்லில் இருவரும் வெறுங்காலுடனேயே நடக்க வேண்டியிருந்தது.

பணம் பெருகியது, பாதிரியாரின் அங்கி மாறவில்லை. நன்கொடையும் நூல் வருவாயும் கட்டடங்களாயின. 1891இல் செபாஸ்டியானேயும் என்னும் சிகிச்சை இல்லம் எழுந்தது. 1893இல் நோயுற்ற குழந்தைகளுக்கான இல்லமும், 1896இல் க்னைப்பியானும் என்னும் இல்லமும் தொடர்ந்தன. இவற்றுள் குழந்தைகள் இல்லத்தின்மீது அவர் மிகுந்த பற்றுக் கொண்டிருந்தார். 1893ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கினார். அடுத்த ஆண்டு க்னைப் உரோமைக்குச் சென்று அவருக்கும் ஆலோசனை வழங்கினார்.

பட்டங்களைவிட அவர் பெரிதும் வேண்டியது வேறொன்று. தமக்குப் பின்னர் இம்முறை அரைகுறையாகக் கற்றோர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று அஞ்சினார். எந்த மருத்துவ உலகம் தம்மை நீதிமன்றத்தில் நிறுத்தியதோ அதனையே அழைத்தார். நோயாளிகளைப் பார்க்கும் வேளையில் மருத்துவர்களைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். நோயைத் தேர்ந்து கூறுவது அவர்கள் வேலை. நீரின் அளவைக் கூறுவது தம் வேலை எனப் பகுத்துக்கொண்டார். அவ்வாறு வந்தோருள் ஒருவரான ஆல்ஃபிரட் பௌம்கார்டன், அவருடைய முறையை மருத்துவ நோக்கில் ஆராய்ந்ததுடன் அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1894ஆம் ஆண்டில் க்னைப் முறையைப் பின்பற்றும் மருத்துவர்கள் தமக்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தண்டம் கட்டிய நாளிலிருந்து அதற்கு நாற்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதி நாள்கள்

1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதுமையும் நோயும் அவரை வளைத்தன. உடலுள் வளர்ந்த கட்டி ஒன்று அவரை வாட்டியது. நீர் அதனைக் கரைக்கவில்லை. ஜூன் 17ஆம் நாள், தம் எழுபத்தாறாம் அகவையில், வோரிஸ்ஹோஃபனில் அவர் காலமானார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1920ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயருக்கு முன்னால் நீராடலைக் குறிக்கும் பாட் என்னும் சொல் முறைப்படி சேர்க்கப்பட்டது. இன்று அது பாட் வோரிஸ்ஹோஃபன். செருமனியின் பல ஊர்ப் பூங்காக்களில் முழங்காலளவு நீர் நிரப்பிய சிறு தொட்டிகள் உள்ளன. அலுவலகம் முடிந்து வருவோர் காலணியைக் கழற்றிவிட்டு, அவற்றில் நாரைபோல் கால் தூக்கி நடந்து செல்கின்றனர்.